இரண்டரை கிலோ கூடுதலாக வந்தவரோடு தம்பி ஏன் மோத வேண்டும்?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயது. சின்ன வயதிலேயே எங்கள் ஏரியா பாக்ஸிங் கிளப்பில் சேர்ந்தவன். மாநில அளவில் மெடல் வாங்கினான். இப்போது புரொஃபஷனல். பாங்காக்கில் ஃபெதர்வெயிட் பிரிவில் எட்டு ரவுண்டு பவுட்டுக்குக் கையெழுத்துப் போட்டுப் போனான். எடை வரம்பு 57.15 கிலோ. முதல் நாள் எடை பார்த்தபோது தம்பி சரியாக 57. எதிராளி 59.6. நேரம் கொடுத்தும் அவர் இறக்க முயலவில்லை. “அவர் சம்பளத்தில் 20 சதவீதம் உனக்குத் தருகிறோம், ரிங்கில் ஏறு. ஏறாவிட்டால் உனக்குச் சம்பளம் இல்லை, விமான டிக்கெட்டும் உன் செலவு” என்றார் ஏற்பாட்டாளர். தம்பி ஏறினான். ஐந்தாவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்திவிட்டார். இப்போது அவன் ரெக்கார்டில் ஒரு தோல்வி, அந்த ஆளுக்கு ஒரு வெற்றி. எடை தவறியவருக்கு என்ன தண்டனை கொடுத்தால் நியாயம்? அடுத்த ஒப்பந்தத்தில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? இன்னொன்றும் கேட்கிறேன். தம்பியே இப்போது 57-க்கு இறங்கப் படாத பாடு படுகிறான். கடுமையான விதி வேண்டும் என்று நாங்கள் கேட்டால், அது எங்கள் தலையிலேயே வந்து விழாதா?

— ஓர் அக்கா, வடசென்னை

பதில்:

அம்மா, நியாயம் பேசுவதற்கு முன் மருத்துவனாக ஒன்று கேட்க வேண்டும். ரெஃப்ரி நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். தலையில் வாங்கிய அடியாலா, வெட்டுக்காயத்தாலா, விலாவில் விழுந்த குத்தாலா என்று எழுதவில்லை. தலை என்றால், நரம்பியல் மருத்துவர் பார்த்து, தேவையான ஸ்கேன் எடுத்து, ‘சரி’ என்று எழுதிக் கொடுக்கும்வரை பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கூட வேண்டாம். “தலைவலியெல்லாம் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்” என்று தம்பி சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த பாக்ஸர்கள் எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள்.

இனி தராசுக்கு வருவோம்.

57.15 கிலோ என்பது உங்கள் தம்பியின் உண்மையான எடை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பயிற்சி இல்லாத நாளில் 62, 63 இருப்பார். அந்த எதிராளியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருப்பார். முகாமில் சாப்பாட்டைக் குறைத்து இறக்குவது ஒரு பங்கு. கடைசி இரண்டு மூன்று நாளில் உப்பை நிறுத்தி, தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியிலும் பிளாஸ்டிக் கோட்டிலும் வியர்த்து இறக்குவது இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கில்தான் ஆபத்து இருக்கிறது. அதிலும் கடைசி இரண்டு கிலோ லேசில் இறங்காது. ரத்தத்தின் நீர் குறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்க நீர் இல்லாததால் உடம்பின் சூடு தணிய மறுக்கிறது, தூக்கம் வராது. தராசை விட்டு இறங்கியதும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் எடை திரும்பிவிடும். ஆனால் 24 மணி நேரத்தில் உடம்பு முழுக்க முன்போல் ஆகிவிடுவதில்லை. காய்ந்த உடம்போடு தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று ரிங் ஓரத்தில் உட்காரும் மருத்துவர்கள் பயப்படுவது இதனால்தான்.

இப்போது அந்த எதிராளி என்ன செய்தார் என்று பாருங்கள். அந்தக் கடைசி இரண்டரை கிலோவுக்கான ராத்திரியை அவர் படவே இல்லை. தம்பி காய்ந்தார், அவர் காயவில்லை. மறுநாள் ரிங்கில் இருந்த வித்தியாசம் வெறும் இரண்டரை கிலோ சதையென்று நினைக்காதீர்கள். ஒருவர் தூங்கி எழுந்து வந்தார், இன்னொருவர் வதங்கித் தேறி வந்தார். இதற்கு அவர் கொடுத்தது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவருக்கு அது தண்டனையாகவே தெரிந்திருக்காது. ரெக்கார்டில் ஒரு வெற்றி சேர்வதற்கு அது மலிவான விலை.

இந்த விலைபேசும் வேலையைப் பெரிய பெரிய ஆட்களே வெளிப்படையாகச் செய்திருக்கிறார்கள். 2009 செப்டம்பரில் ஃபிளாய்ட் மேவெதரும் ஹுவான் மானுவல் மார்க்கெஸும் 144 பவுண்டில் (சுமார் 65 கிலோ) மோத ஒப்பந்தம் போட்டார்கள். மேவெதர் 146-ல் வந்தார். பவுண்டுக்கு 3 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டு 6 லட்சம் டாலரை மார்க்கெஸுக்குக் கொடுத்தார். அந்தச் சண்டைக்கு மேவெதருக்கு உறுதி செய்யப்பட்டிருந்த தொகை ஒரு கோடி டாலர். சின்ன உடம்புக்காரரான மார்க்கெஸ் பல பவுண்டு ஏறி வந்து அந்தச் சண்டைக்கு நின்றவர். பன்னிரண்டு ரவுண்டும் அவரால் மேவெதரை நெருங்க முடியவில்லை. எடை சரியாக இருந்திருந்தாலும் மேவெதர்தான் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால் அது நியாயமாகிவிடாது.

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் ரயன் கார்சியா 140 பவுண்டு வரம்புக்கு 143.2-ல் வந்தார். தராசின் மேலேயே பாட்டிலைத் தூக்கிக் குடித்துக் காட்டினார். தவறினால் பவுண்டுக்கு 5 லட்சம் டாலர் என்று டெவின் ஹேனியோடு முன்பே பந்தயம் பேசியிருந்தார்கள். ஆக, மூன்று பவுண்டுக்கு 15 லட்சம் டாலர். மறுநாள் ஹேனி மூன்று முறை கீழே விழுந்தார். பட்டம் மட்டும் ஹேனியிடமே இருந்தது, ஏனென்றால் எடை தவறியவர் பட்டத்தைத் தொட முடியாது. பிறகு தடைசெய்யப்பட்ட மருந்து கார்சியாவின் உடம்பில் இருந்தது தெரிந்து முடிவு ரத்தானது, ஓராண்டுத் தடையும் வந்தது. அந்தத் தடை மருந்துக்காக வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டே இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. 2025 ஏப்ரலில் லண்டனில் கானர் பென்னோடு மோத வந்த கிறிஸ் யூபாங்க் ஜூனியர் 160 பவுண்டு வரம்பை 0.05 பவுண்டு தாண்டினார். நம் கணக்கில் 23 கிராம். அபராதம் 3,75,000 பவுண்டு பணம். பென் வழக்கமாகச் சண்டை போடும் பிரிவு அதைவிடச் சிறியது, அவரைக் காப்பாற்றத்தான் ஒப்பந்தத்தில் அப்படி எழுதினார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் 23 கிராமுக்கு இவ்வளவு, மூன்று பவுண்டுக்கு அவ்வளவு என்றால், தண்டனையை நிர்ணயிப்பது தவறின் அளவா, வக்கீலின் சாமர்த்தியமா? பாக்ஸிங்கில் இதற்கு ஒரே சட்டம் கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஓர் ஆணையம், பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு சண்டைக்கும் தனி ஒப்பந்தம். பேரம் பேசத் தெரிந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் தம்பிக்கு இருந்தது விமான டிக்கெட் பற்றிய மிரட்டல்.

அந்த மிரட்டலைத்தான் நான் இந்த விஷயத்தின் மையமாகப் பார்க்கிறேன். 20 சதவீதம் 40 ஆக இருந்திருந்தாலும், ‘ஏறாவிட்டால் ஒன்றுமில்லை’ என்ற நிபந்தனை இருக்கும்வரை தம்பி ஏறித்தான் இருப்பார். முகாம் செலவு, கோச்சுக்குக் கொடுக்க வேண்டியது, இரண்டு மாதம் வேலைக்குப் போகாத நஷ்டம் எல்லாம் அந்த ஒரு இரவின் சம்பளத்தை நம்பி இருக்கிறது. தப்பு செய்தவர் 59.6 கிலோ ஆள். ஆனால் போட்டி நின்றுபோனால் நஷ்டப்படுபவர் 57 கிலோ ஆள். இதைத் திருப்பிப் போடாமல் அபராதத்தை மட்டும் ஏற்றுவதில் பயனில்லை.

இதே விஷயத்தில் இரண்டு முறை சிக்கியவர் டியாகோ கொராலெஸ். 2005 மே மாதம் லாஸ் வேகாஸில் அவரும் ஹோசே லூயிஸ் காஸ்டிலோவும் மோதிய சண்டையை இந்த விளையாட்டின் மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்றாக இன்றும் சொல்வார்கள். பத்தாவது ரவுண்டில் இரண்டு தடவை விழுந்து எழுந்த கொராலெஸ் அதே ரவுண்டில் ஜெயித்தார். அக்டோபரில் மறு சண்டை. வரம்பு 135 பவுண்டு. காஸ்டிலோ தராசில் நின்றபோது அவர் தரப்பு ஆள் ஒருவர் காலை நைசாகத் தராசுக்கு அடியில் கொடுத்து எடையைக் குறைத்துக் காட்டப் பார்த்துப் பிடிபட்டார். கடைசியில் பதிவான எடை 138.5. பட்டம் பணயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுச் சண்டையை நடத்தினார்கள். நாலாவது ரவுண்டில் கொராலெஸ் நாக் அவுட். பெல்ட் அவரிடமே இருந்தது, அடியும் அவருக்கே விழுந்தது.

மூன்றாவது சண்டை 2006 ஜூனில். இந்தத் தடவை காஸ்டிலோ 139.5. கொராலெஸ் ஏறவில்லை, போட்டி ரத்து. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் ஆணையம் காஸ்டிலோவுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டு, அந்த ஆண்டின் மீதி நாள் முழுக்கத் தடை விதித்தது. கடுமையான தண்டனைதான், நானும் பாராட்டுகிறேன். ஆனால் எடையைச் சரியாக வைத்த கொராலெஸ் அன்றைக்கு எதிர்பார்த்து வந்த சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனார். ஏறினால் அடி, ஏறாவிட்டால் பட்டினி. உலக சாம்பியனுக்கே இதுதான் கதி என்றால், உங்கள் தம்பி ஏறியதற்காக அவரை வீட்டில் யாரும் குறை சொல்லக் கூடாது.

இதில் ஓரளவு துணிந்து முடிவெடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள். 2018 மார்ச்சில் டோக்கியோவில் ஷின்சுகே யமானகாவோடு மோத வந்த மெக்ஸிகோவின் லூயிஸ் நேரி, 53.5 கிலோ வரம்புக்கு முதல் முறை 55.8 கிலோவில் நின்றார். நேரம் கொடுத்த பிறகும் 54.8. பட்டம் அங்கேயே பறிபோனது. மேடையில் யமானகா ஆத்திரத்தில் கத்தினார். ஆனாலும் மறுநாள் ஏறினார். இரண்டாவது ரவுண்டில் சண்டை முடிந்தது, அவருடைய பாக்ஸிங் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. ஜப்பான் பாக்ஸிங் ஆணையம் நேரியை ஜப்பானில் சண்டையிட முடியாதபடி காலவரையின்றித் தடை செய்தது. 2024 மே மாதம் நவோயா இனோவேயோடு டோக்கியோ டோமில் மோதுவதற்காகத்தான் அந்தத் தடை நீங்கியது.

அத்தோடு நிற்காமல் விதியையும் மாற்றினார்கள். வரம்பை 3 சதவீதமோ அதற்கு மேலோ தாண்டினால் மறு எடை கிடையாது, பவுட் ரத்து, ஓராண்டுத் தடை. அதற்குக் குறைவாகத் தாண்டினால் இறக்க நேரம் தருவார்கள், அப்போதும் இறங்காவிட்டால் ஆறு மாதத் தடை. சண்டையை நடத்துவதென்றால், சண்டை நாளன்று எடை வரம்புக்கு மேல் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் தம்பியின் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 57.15-க்கு 3 சதவீதம் கூட்டினால் 58.86. எதிராளி வந்தது 59.6, அதாவது 4.3 சதவீதம் கூடுதல். நேரி முதல் முறை தராசில் நின்றபோது இருந்ததும் அதே 4.3 சதவீதம்தான். டோக்கியோவில் இன்று இது நடந்திருந்தால் ‘ஏறுகிறாயா’ என்று தம்பியிடம் யாரும் கேட்டிருக்கவே முடியாது. அந்தக் கேள்வியை அவர் காதில் விழாமல் செய்வதுதான் அந்த விதியின் அழகு.

தண்டனையாகப் புள்ளியைக் குறைக்கலாம் என்று சில ரசிகர்கள் சொல்வார்கள். எடை தவறியவர் ஒன்றிரண்டு புள்ளி பின்தங்கித் தொடங்கட்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாக் அவுட் ஆகிறவருக்குப் புள்ளி எதற்கு? உங்கள் தம்பிக்கு ஐந்து புள்ளி கொடுத்திருந்தாலும் ஐந்தாவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தியிருப்பார். முடிவை ஏட்டில் எழுதும் முறையை மாற்றலாம். கூடுதல் எடையில் வந்தவர் ஜெயித்தால் தரவரிசையில் அவர் மேலே போகக் கூடாது, தோற்றவர் கீழே இறங்கக் கூடாது. பட்ட விஷயத்தில் இருக்கும் நியாயம் தரவரிசைக்கும் பொருந்த வேண்டும்.

அப்படியென்றால் எடை தவறியவரை ஒரே அடியாக அடித்து நொறுக்கிவிடலாமா? இங்கேதான் நான் உங்கள் கோபத்தோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். தண்டனை மிகக் கடுமையானால், பயந்துபோன பையன் வெந்நீர்த் தொட்டியை விட்டு வெளியே வர மாட்டான். 1997-ன் கடைசி இரண்டு மாதங்களுக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும்போது செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரப்பர் உடையும் சானா என்ற வெப்ப அறையும் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரத்தையும் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டைப் போட்டி ஒன்றுக்காக எடை குறைக்கும்போது இறந்தார். அவர் வயது 21. தராசு வரைக்கும்கூட வர முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு விதி எழுதக் கூடாது.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே வினேஷ் போகாட் பெயர் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி நாளன்று 100 கிராம் கூடுதல் என்று நீக்கப்பட்டு, பட்டியலில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். மேல்முறையீடும் நிற்கவில்லை. முதல் நாள் சரியான எடையில் ஜெயித்தவற்றையும் சேர்த்துப் பறித்தது அதிகப்படி என்பது என் கருத்து. ஆனால் அந்த உலகம் வேறு. அங்கே ஒரு பிரிவில் பல நாட்டு வீரர்கள் காத்திருக்கிறார்கள், யாரோடும் தனியாக ஒப்பந்தம் இல்லை, பேரத்துக்கு இடமில்லை. கோடு ஒன்றுதான், 100 கிராமும் 2 கிலோவும் அங்கே ஒன்றே. மேரி கோம் 2018-ல் போலந்தில் இறங்கியபோது இரண்டு கிலோ கூடுதலாக இருந்து, எடை பார்க்கச் சில மணி நேரமே இருந்த நிலையில் ஒரு மணி நேரம் ஸ்கிப்பிங் ஆடிக் குறைத்துத் தங்கமும் வாங்கினார். அந்தக் கதையை எல்லா கோச்சும் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய அனுபவத்துக்கு அது சரி, ஆனால் இளம் பையன்களிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். புரொஃபஷனலில் இரண்டே பேர், ஒரு ஒப்பந்தம். அதனால் அளவு பார்த்துத் தண்டிக்க முடியும், தண்டிக்கவும் வேண்டும்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். ஒரு வாரத்துக்கு முன்பே ‘என்னால் முடியாது’ என்று வாய் திறந்து சொல்கிறவருக்குத் தடை வேண்டாம், பாதி அபராதம் போதும். எதிராளிக்கு வேறு ஆள் தேட நேரம் கிடைக்கும், இவர் உடம்பும் பிழைக்கும். உலக பாக்ஸிங் கவுன்சில் தன் பட்டப் போட்டிகளுக்கு 30 நாள் முன்பு 10 சதவீதத்துக்குள், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்குள் எடை இருக்கிறதா என்று பார்க்கிறது. ஃபெதர்வெயிட்டுக்கு அது 62.87-ம் 60-ம். எட்டு ரவுண்டுச் சின்னச் சண்டைக்கும் இதைச் செய்ய ஒரு தராசும் ஒரு வீடியோ காலும் போதும். செலவே இல்லை.

தராசு நாளில் தவறினால், முந்நூறு கிராம்வரை என்பதைப் பணத்தோடு முடித்துவிடலாம். அந்த அளவுக்கு மனிதர்கள் உண்மையாகவே முயன்று தோற்பதுண்டு. அதற்கு மேல், 3 சதவீதத்துக்குள் என்றால், ஒவ்வொரு சதவீதக் கூடுதலுக்கும் சம்பளத்தில் 15 சதவீதம்போல ஏறிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பணம் முழுவதும் எதிராளிக்கே போக வேண்டும். சில இடங்களில் பாதியை ஆணையம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஆணையமா காய்ந்து கிடந்தது? அந்தப் பணம், அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவருடையது. 3 சதவீதத்தைத் தாண்டினால் சண்டையே கிடையாது, எடை சரியாக வைத்தவருக்கு முழுச் சம்பளம். ஏற்பாட்டாளர் முதலில் கொடுத்துவிட்டு, தவறியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். “சின்ன ஷோவில் கட்டுப்படியாகாது” என்பார்கள். கட்டுப்படியாகாது என்றால் தயார் நிலையில் ஒரு மாற்று ஆளை வைத்துக்கொள்ளட்டும், ஒப்பந்தம் போடும்போது எடை பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். நஷ்டம் தன் பையிலிருந்து போகும் என்றால் ஏற்பாட்டாளரே முகாமுக்குப் போன் போட்டுத் தினமும் எடை கேட்பார்.

பணத்தோடு தடையும் வேண்டும். எதற்கு என்றால், பணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி உறைப்பதில்லை. மேவெதருக்கு 6 லட்சம் டாலர் சில்லறை. பிழைப்புக்காக ஏறும் பையனுக்கு 20 சதவீதமே ஒரு மாத வாடகை. ஆனால் ஆறு மாதம் ரிங்குக்கு வெளியே நிற்பது இரண்டு பேருக்கும் ஆறு மாதம்தான். கூடவே, அடுத்த சண்டை ஒரு பிரிவு மேலே என்று கட்டாயப்படுத்த வேண்டும். மருத்துவனாக எனக்கு இதுதான் முக்கியம். இரண்டாவது முறை தவறியவருக்கு அந்தப் பிரிவின் கதவை நிரந்தரமாக மூடிவிடலாம். அந்த உடம்பு அந்தப் பிரிவுக்கு உரியதில்லை என்று தராசே சொல்லிவிட்டது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சான்றிதழ் வந்தால் தடையைக் குறைக்கலாம், எதிராளிக்கான பணத்தில் கை வைக்கக் கூடாது. யாருடைய காய்ச்சலுக்கும் அவர் காரணமில்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் உலகம் மாறினால் நடக்கும். நீங்கள் இப்போதே கேட்கக்கூடியவை சில உண்டு.

முதல் நாள் எடை மட்டும் போதாது, சண்டை நாள் காலை எடைக்கும் ஓர் உச்சவரம்பு எழுதுங்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ கட்டியும் ஜோயி கமாஷும் 141 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு மோதினார்கள். தராசில் கட்டி நின்ற விதத்திலேயே சர்ச்சை. மறுநாள் ரிங்கில் ஏறியபோது கட்டி சுமார் 160, கமாஷ் சுமார் 145. இரண்டாவது ரவுண்டில் நாக் அவுட், மூளையில் பாதிப்பு, கமாஷ் அதோடு ஓய்வு பெற்றார். மாநில ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று 2010-ல் நீதிபதி சொன்னார், ஆனால் நஷ்டஈடு கிடைக்கவில்லை. காகிதத்தில் அது எடை தவறிய சண்டையே இல்லை என்பதுதான் விஷயம். சர்வதேச பாக்ஸிங் ஃபெடரேஷன் தன் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலை வரம்புக்கு மேல் 10 பவுண்டுவரைதான் அனுமதித்து வந்திருக்கிறது. ஃபெதர்வெயிட்டில் அது 61.7 கிலோ. ஜப்பானின் 8 சதவீதமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. நீங்களும் 61.7 என்றே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, எதிராளி எடை தவறி தம்பி மறுத்தால், தம்பியின் சம்பளமும் பயணச் செலவும் தங்கும் செலவும் முழுதாக உண்டு என்ற ஒரு வரி. பேரத்தில் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள். முழுச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாதிக்காவது இறங்கி வாருங்கள், ஆனால் பயணச் செலவில் ஒரு ரூபாய்கூட இறங்காதீர்கள். திரும்பிப் போக டிக்கெட் கையில் இருக்கிற பையனை மிரட்டுவது கடினம். போகும்போதே இரண்டு வழி டிக்கெட் எடுத்துத் தரச் சொல்வது இன்னும் நல்லது.

முடிவெடுக்க அரை மணி நேரமும், தனி அறையும், கோச்சும் வேண்டும் என்றும் எழுதுங்கள். தராசுக்குப் பக்கத்தில், கேமரா முன்னால், எதிராளியும் அவர் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘ஏறுகிறாயா?’ என்று கேட்டால் எந்த பாக்ஸரும் ‘மாட்டேன்’ என்று சொல்ல மாட்டான். மானப் பிரச்சினை ஆகிவிடும். அந்த ‘மாட்டேன்’ என்பதைச் சொல்ல வேண்டியவர் கோச். உங்கள் கோச் அப்படிச் சொல்லக்கூடியவர்தானா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். போன தடவை அவர் என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

கடைசியாக, விதி உங்கள் தலையிலேயே விழுமா என்ற கேள்வி. விழும். விழத்தான் வேண்டும். கொராலெஸின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. காஸ்டிலோ தவறியதால் சம்பளம் இழந்தாரே, அதே 2006-ல், நான்கே மாதத்தில், ஜோயல் கசமயோரோடு மோத வந்தபோது கொராலெஸும் 135 பவுண்டைப் பல பவுண்டு தாண்டி நின்றார். பட்டம் போனது. சண்டையும் தோல்வி. அவர் கெட்டவர் என்பதால் நடந்ததில்லை அது. உயரமான, எலும்பு பெருத்த மனிதர், அந்த எடை அவருக்கு என்றோ முடிந்துபோயிருந்தது. பிறகு நேராக 147-க்குப் போய்விட்டார்.

உங்கள் தம்பிக்கும் அதே கட்டம் வந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். 21 வயதில் இறங்கிய எடை 24-ல் இறங்க மறுப்பது நோயில்லை, சோம்பலும் இல்லை. ஒரு வாரம் தினமும் காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, தண்ணீர் குடிக்கும் முன் எடை பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான பயிற்சி. அந்த ஏழு நாள் சராசரி 62-க்குள் இருந்தால், எட்டு வாரம் நிதானமாகச் சாப்பாட்டை ஒழுங்கு செய்து ஃபெதர்வெயிட்டில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். 63-ஐத் தாண்டினால் அடுத்த ஒப்பந்தத்தை 58.97 கிலோவுக்கு, சூப்பர் ஃபெதர்வெயிட்டில் போடுங்கள். 65-ஐத் தாண்டினால் லைட்வெயிட், 61.23. “அங்கே எல்லாம் பெரிய ஆளுங்க” என்று தம்பி சொல்வார். பாங்காக்கில் ஏற்கெனவே ஒரு பெரிய ஆளோடுதானே மோதினார், அதுவும் காய்ந்த உடம்போடு. ஏழு நாள் எடையையும் ஸ்கேன் முடிவையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் விளையாட்டு மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள்.